மதியச் சாப்பாட்டுப் பரீட்சை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். நீயும் அப்படித்தான் என்று போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன், இப்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிற உன் அப்பா, தன் முட்டிவலிக்கு மட்டும் போட மாட்டேன் என்கிறார். என் தையல்கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதைப் போட்டுவிட்டு உன் தங்கையோடு கல்லூரி கல்லூரியாக அலைந்த கதையைக் கேள்.

அவளுக்கு உன் கல்லூரியிலேயே இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. மருந்துக்கடையில் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்துக்கென்று அப்பா இப்போதே ஆணி அடித்துவிட்டார். இவளோ யாரும் பேர் கேள்விப்படாத கல்லூரிகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, போய்ப் பார்க்கணும், நீயும் வா என்றாள். நூலகம், ஆய்வுக்கூடம் எதையும் முதலில் பார்க்க மாட்டாளாம். மதியம் கேண்டீனுக்குப் போய் என்னைத் தூரத்து மேசைக்குத் துரத்திவிட்டு, தட்டோடு தனியாக உட்காருவாள், யாராவது வந்து பேசுகிறார்களா என்று பார்க்க. இதென்ன கூத்து, படிக்கப் போகிறாயா சாப்பிடப் போகிறாயா என்று கேட்டேன். உன் கல்லூரிக்கும் போனோம், அங்கே அவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிற வரைக்கும் ஒரு தலை நிமிரவில்லை. அப்புறம் பேருந்து கடைசியாக நிற்கிற இடத்தில், சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் ஒரு கல்லூரி. பெயர்ப்பலகையில் பாதி எழுத்தைக் காணோம். அங்கே இவள் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, என்ன படிக்க ஆசை என்று கேட்டாள். பின்னாலேயே ஒரு தாவரவியல் டீச்சர் வந்தார். அவர் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு இவளை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போய், முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற வேலையெல்லாம் காட்டினார். அங்கே படித்துப் போனவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பேர் பேராகச் சொன்னாராம். நான் ஒருத்தி காத்திருப்பதே இவளுக்கு மறந்துபோயிற்று.

திரும்பும்போது பேருந்தில், இந்தப் பரீட்சையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அண்ணன்தான் என்றாள். ‘எந்தக் காலேஜா இருந்தாலும் முதல்ல அங்க தனியா உட்கார்ந்து சாப்பிட்டுப் பாரு. நான் படிச்ச வருஷமெல்லாம் மாடிப்படியில உட்கார்ந்து ஒண்டியாத்தான் சாப்பிட்டேன்’ என்று சொன்னாயாமே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் கதை கதையாகச் சொல்வாயே, அந்த மொட்டைத்தலையன், அந்தப் பாட்டுக்காரன், அவர்களெல்லாம் யாரப்பா? அவர்களுக்கும் சேர்த்துத்தானே டப்பா டப்பாவாகப் பலகாரம் கட்டிக் கொடுத்தேன், அதையெல்லாம் யார் சாப்பிட்டது? இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அப்பாவிடமும் சொன்னேன். மறுநாள் கடைக்குப் போனால் உன் படத்தைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், புது ஆணியைப் பிடுங்கியாயிற்று. சிமெண்ட் கிடங்குக் கல்லூரிக்கே விண்ணப்பம் போடட்டும் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். தங்கை குதிக்கிறாள். எனக்குத்தான் சிரிக்கவும் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. பதிலில் வேலை, பதவி உயர்வு எதையும் எழுத வேண்டாம். இப்போது மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், அதை மட்டும் எழுது. யாரும் இல்லையென்றால் இல்லை என்றே எழுது, எனக்காக ஆளை உண்டாக்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா