தாராபுரம் சாலையில் என் கண்ணை மறைத்த வெள்ளை விளக்கு

அனுப்புநர்:
ந. சுப்பண்ணன் (வயது 58),
த/பெ. நாச்சிமுத்து,
கருப்பராயன் கோவில் வீதி,
வீரபாண்டி, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: தனியார் பனியன் கம்பெனி ஊழியர் பேருந்து ஒன்றில் கடையில் வாங்கி மாட்டியுள்ள எல்.இ.டி. முகப்பு விளக்குகளை, அப்பேருந்து தகுதிச் சான்றுக்கு வரும் முன்பே, இருட்டில், சாலையில் வைத்துப் பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் ஓட்டுநர் உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு எனக்கு வந்த அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் கேட்ட விளக்கத்தையும், தாங்கள் கேட்காத ஒரு வேண்டுகோளையும் ஒரே தாளில் எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. நான் முப்பது ஆண்டுகளாகத் துணிக்கு நிறம் பார்த்துப் பிழைத்து வருபவன். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி, அதை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் தொழில். ஒரு வெள்ளைக்குள் தொண்ணூறு வெள்ளை இருப்பதை அறிந்தவன். தொண்ணூறு என்பது சற்று அதிகம். ஒன்பது என்று திருத்தி வாசிக்கவும்.

2. இவ்விடத்தில் என் சுபாவம் ஒன்றைத் தெரிவிப்பது கடமையாகிறது. எங்கள் வீதியில் பெரியவர் சிறியவர் அனைவருக்கும் நான் மாமா. நொய்யலாற்றை வெள்ளக் காலத்தில் ஒரே தாவில் தாண்டியவன், காங்கயத்துக் காளையொன்றை முறைத்தே மண்டியிட வைத்தவன், என் தும்மலில் மூன்று தறி நின்றுபோனது என்றெல்லாம் என்னைப் பற்றி நிலவும் செய்திகள் அனைத்தும் நானே பரப்பியவை. என் மனைவி சாரதாமணி பக்கத்தில் இருந்தால், கேட்பவர்களிடம் "அவுரு சொல்றதுல பாதிய மட்டும் எடுத்துக்குங்க" என்பாள். சமயத்தில் "காலே எடுத்துக்குங்க, அதுவே சாஸ்தி" என்பாள். வகுத்துக் கொடுக்க ஆள் இருந்த தைரியத்தில் நான் கூட்டிக்கொண்டே போனேன். தற்போது ஆள் இல்லை. ஆகையால் இம்மனுவில் கூடுமானவரை நானே வகுத்து எழுதியுள்ளேன்.

3. சென்ற ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராபுரம் பக்கத்தில் உறவினர் வீட்டுச் சீருக்குப் போய்விட்டு, நானும் சாரதாமணியும் என் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டி, ஏழு மணி தாண்டிய நேரம். தூறல். என் வண்டியின் வேகம் பற்றித் தாங்கள் விசாரித்தால் எங்கள் வீதியே சாட்சி சொல்லும். எறும்புகள் என்னை முந்திக்கொண்டு போய் வீட்டில் என் வருகையைத் தெரிவிக்கும். அவள் பின்னாலிருந்து, சீர் வீட்டு ரசத்தில் உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

4. அவிநாசிபாளையத்துக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு பெரிய வண்டி வந்தது. அதன் விளக்கு வெள்ளையாக இருந்தது. என் கண்ணுக்கு முன் சாலையும் இல்லை, தூறலும் இல்லை, என் கைப்பிடியும் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. "சாரதா, கண்ணு தெரியல" என்றேன். "ஓரமா நிறுத்துங்க, ஓரமா நிறுத்துங்க" என்றாள். ஓரமாக ஒதுக்கினேன். அங்கே தார் முடிந்து பள்ளம் இருந்தது. முன்சக்கரம் இறங்கியது. பாலத்துக் கட்டைச் சுவரில் அவள் தலை பட்டது. எனக்கு உள்ளங்கையில் தோல் வழன்றது. திரும்பிப் பார்த்தபோது அந்த வண்டியின் பின்புறம் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வரிசையாகத் தலைகள், தோளில் பைகள். வேலை முடித்து வீடு திரும்பும் கம்பெனி ஆட்கள். பேருந்து நிற்கவில்லை. நிற்க வேண்டிய காரணம் எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அது எங்களைத் தொடவே இல்லை.

5. தொடாததால் அப்பேருந்து எந்தத் தாளிலும் இல்லை. காவல் நிலையத்தில் என்னிடம் கேட்டார்கள். "ஆயிரம் சூரியன் ஒண்ணா எதுக்க வந்துச்சுங்க" என்றேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்தி, "பெரியவரே, ஏழு மணிக்கு மேல எந்த சூரியன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அருகில் நின்றிருந்த என் மனைவியின் தம்பி தங்கராஜ், "மாமா, இங்கயும் ஆரம்பிச்சுட்டீங்களா" என்று சொல்லி வெளியே போய்விட்டார். பின்னர் வழக்குப் பதிவாகியது. வாகனத்தைக் கவனக்குறைவாக ஓட்டி, பின்னால் அமர்ந்திருந்தவரின் மரணத்துக்குக் காரணமானவர் என்று என் பெயர் எழுதப்பட்டுள்ளது. சாரதாமணி இறந்த வழக்கில் எதிரி நான். தங்கள் அறிவிப்பும் அதன் தொடர்ச்சியாகவே வந்துள்ளது.

6. அது குறித்து எனக்கு வருத்தம் உண்டா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தேடிப் பார்த்தேன், ஐயா. தற்போதைக்கு எதுவும் கிடைக்கவில்லை. காலையில் எழுகிறேன், கம்பெனிக்குப் போகிறேன், நிறம் பார்க்கிறேன். சரியாகத்தான் சொல்கிறேன் என்கிறார்கள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிவதில்லை.

7. எனக்கு ஒரே மகள், மோனிஷா. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, வண்டி ஓட்டறப்பக் கண்ணசந்துட்டீங்களா?" அவ்வளவுதான். நான், "இல்ல கண்ணு, எதுக்க ஆயிரம் சூரியன்..." என்று தொடங்கினேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக எதையும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பிறகு கேட்கவில்லை. இப்போதும் மூன்று வேளையும் சோறு போடுகிறாள். "தண்ணி வேணுங்களாப்பா" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. அறிவிப்பில் கேட்டுள்ள விளக்கத்தை நான் முதலில் கொடுக்க வேண்டிய இடம் அது. கொடுக்க முடியவில்லை.

8. எனவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். நிறம் பார்க்கப் போனேன். பல்லடம் சாலையில் வண்டிகளுக்கு விளக்கு, ஹாரன், சீட் கவர் மாட்டும் கடை ஒன்று உள்ளது. கடைக்காரர் பெயர் வெள்ளையன். சுவரில் பலகை அடித்து, விதவிதமான முகப்பு விளக்குகளைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் சுவிட்சு வைத்திருக்கிறார். நான் வாங்க வந்தவன் என்று எண்ணி, "வாங்ண்ணா, என்ன வண்டிங்ண்ணா?" என்றார். வெளிச்சம் மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். "பாருங்க, தாராளமாப் பாருங்க. இது மஞ்சளு, கம்பெனி போட்டுக் குடுக்கறது. இத வெச்சுட்டு ஓட்டுனா ரோட்டத் தடவித்தான் பாக்கோணும். இது நடுவாந்தரம், மழைக்கு ஆகும்பாங்க, கேக்கற ஆளே இல்ல. இந்தாங்க, இதப் பாருங்க, ஆறாயிரத்தைந்நூறு! பட்டப்பகல்! எதுக்க வர்றவன் தானா ஓரங்கட்டிருவானுங்ண்ணா!" என்று கடைசிச் சுவிட்சைப் போட்டார்.

அவர் சொன்னது உண்மை. நான் ஓரம் கட்டினேன்.

9. அந்த வெளிச்சத்தின் முன்னால் நின்றேன். அதே வெள்ளை. ஆறாயிரத்தைந்நூறு என்பது விலை அல்ல, வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கு. ஆனால் பக்கத்தில் வேறொரு தயாரிப்பின் ஆறாயிரத்தைந்நூறும் எரிந்தது. அதுவும் அதே வெள்ளை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆகவே, அன்று எதிரே எரிந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ளவும்.

10. இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு வெள்ளையன் பெருமையோடு சொன்னார்: "பூரா நம்ம பனியன் கம்பெனிக்காரங்கதானுங்க. ஒருத்தரு ஆளுக போற பஸ்ஸுக்கு வாங்க வந்தாரு, கையோட வெள்ளத் துணியில ஒரு துண்டு வெட்டிக் கொண்டாந்துட்டாரு. மஞ்ச லைட்டுல புடிச்சுப் பாத்துட்டு 'என்னய்யா, க்ரீமாத் தெரியுது, ஷேடே மாறுது'ன்னாரு. இதுல புடிச்சாரு பாருங்க, 'இதான்யா டேலைட்டு, பையரே ஓகே பண்ணிருவான்'னு அங்கயே மாட்டச் சொல்லிட்டாரு."

ஐயா, இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வேறெந்த ஊரிலும் துணித் துண்டைக் கொண்டுபோய் வண்டி விளக்கு வாங்க மாட்டார்கள். எங்கள் ஊரில் வாங்குவோம். எங்களுக்கு நல்ல வெளிச்சம் என்றால், துணியின் நிறத்தை உள்ளபடி காட்டுகிற வெளிச்சம். விளக்குப் பெட்டியில் பகல் வெளிச்சத்துக்கென்று உள்ள பட்டனை அழுத்தினால் வருவதும் இதே வெள்ளைதான். அந்தக் கம்பெனி உரிமையாளர் துணியைப் பார்த்தார், விளக்குக்கு எதிரே போய் நின்று பார்க்கவில்லை. பெட்டிக்குள் எதிரே வருகிறவர் கிடையாது. நானாக இருந்தாலும் அதையேதான் வாங்கியிருப்பேன். பேருந்தின் விளக்குக் கிண்ணம் பழைய மஞ்சள் பல்புக்கென்று வளைத்தது என்பதும், அதில் இதை மாட்டினால் வெளிச்சம் சாலைக்கு இறங்காமல் எதிரில் வருபவர் முகத்துக்கு ஏறுகிறது என்பதும், டிம் செய்தாலும் பெரிதாகக் குறையாது என்பதும், நான் துருவிக் கேட்ட பிறகு வெள்ளையனே ஒப்புக்கொண்டவை.

11. தகுதிச் சான்றுக்குப் போகும்போது இது சிக்காதா என்றும் கேட்டேன். "அதுக்கென்னங்ண்ணா, பழைய பல்பக் கவர்ல போட்டுக் குடுத்துருவனுங்க. எஃப்.சி. அன்னிக்கு ஒரு நாளு மாட்டிட்டு, திரும்பி வர்றப்ப இத மாட்டிக்க வேண்டியதுதான்" என்றார். மறைத்துச் சொல்லவில்லை. எல்லோரும் செய்வதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

12. அவர் சொன்ன அடையாளத்தை வைத்து அந்தப் பேருந்தைக் கண்டேன். திருப்பூரில் எட்டு லட்சம் கம்பெனிப் பேருந்துகள் ஓடுகின்றன, வகுத்துக்கொள்ளவும். ஓட்டுநர் முனீஸ் தெற்கத்திப் பையன், மரியாதையானவன். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். "லைட்டு நல்லாத்தான்யா இருக்கு. மழை வந்தா மட்டும் முன்னாடி வெள்ளைச் சேலையக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆயிரும். எதிர்க்க வாரவன் வையாத நாள் கெடையாது" என்றான். பழைய பல்புகள் இருக்கையின் அடியில் கவரில் இருந்தன. அடுத்த மாதம் எஃப்.சி. என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்ததா என்று கேட்டேன். ஏற்றுமதி அவசரத்துக்காக ஞாயிறும் ஓட்டினானாம், அவிநாசிபாளையம் வழியாகத்தானாம். "ஏன்யா, யாரும் விழுந்துட்டாகளா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். பிறகு என் உள்ளங்கைக் காயத்தில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து, "ஒங்களுக்கு என்ன வேணும்யா அவுக?" என்றான். தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

13. ஆகவே, தங்களிடம் பணிந்து வேண்டுவது:

அ) இணைப்பில் எண் குறிப்பிட்டுள்ள பேருந்தை, முன்கூட்டியே தெரிவிக்காமல், அது ஆட்களை ஏற்றிச் செல்லும் வழியிலேயே, இருட்டிய பின் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். பகலில், அலுவலக வளாகத்தில், எஃப்.சி. நாளில் பார்த்தால் மஞ்சள் பல்புதான் தெரியும். எல்லாம் சட்டப்படி இருக்கும்.

ஆ) பரிசோதிக்கும் அலுவலர் தயவுசெய்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்க வேண்டாம். எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், ஒரு ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில்.

இ) முனீஸின் பிழைப்புக்குப் பங்கம் வரும்படி எதுவும் செய்ய வேண்டாம். விளக்கை வாங்கியவன் அவன் அல்ல.

ஈ) என் ஓட்டுநர் உரிமத்தின் அசலை இத்துடன் இணைத்துள்ளேன். நிறுத்தி வைப்பதானாலும் ரத்து செய்வதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது குறித்து நான் வேறு விளக்கம் தரப்போவதில்லை.

உ) பரிசோதனையின் அறிக்கை நகலை எனக்கு அனுப்ப வேண்டாம். இதே முகவரிக்கு, செல்வி சு. மோனிஷா என்ற பெயருக்கு, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். நான் சொல்வதை அவள் நம்புவதற்கு அவள் பிறந்ததிலிருந்து நான் இடம் கொடுக்கவில்லை. அரசாங்கம் சொன்னால் நம்புவாள். அந்த விளக்கால் கண்ணை மறைக்க முடியாது என்று தாங்கள் கண்டாலும், அதையே எழுதி அனுப்புங்கள். அவள் கேட்டதற்கு ஏதாவது ஒரு பதில் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

எதையும் கூட்டிச் சொல்லாமல் கையொப்பமிடும்,

(ஒப்பம்)
ந. சுப்பண்ணன்

இடம்: வீரபாண்டி
நாள்: 18.11.2024

இணைப்பு:
1. பேருந்தின் பதிவெண்
2. விளக்கம் கோரிய அறிவிப்பின் நகல்
3. ஓட்டுநர் உரிமம் (அசல்)