வெந்நீர் ஊற்றிய தொட்டி

மே 5, 2025
பொம்மை ஆர்டர் வந்துவிட்டது. மூடிக் கிடந்த ஷெட்டைத் திறந்தேன். தையில் கரைத்த மண்கூழ் ஆளுயரத் தரைத்தொட்டியில் இறுகிக் கிடக்கிறது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நாறினால்தான் மண்ணுக்குப் பதம் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். கொட்ட மனசில்லை.

தங்கச்சி புருஷன் ஆனந்தராஜ்தான் அச்சில் கூழ் ஊற்றுகிறவர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க வியாபாரம் மாதிரியே நாறுது மச்சான்" என்றார்.

மே 6
கூழை இளக்கப் போடும் சோடா உப்பு வெந்நீரில் சட்டென்று கரையும். பச்சைத்தண்ணீரில் அடியில் தங்கிவிடும். தொழில் பழகிய காலத்திலேயே பார்த்தது. இறுகின கூழுக்கும் அதே வைத்தியம்தான். நாளைக்கு முதலில் வெந்நீர், சோடா அப்புறம்.

மே 7
மாப்பிள்ளை போயிட்டாரு.

மே 9
அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றச் சொன்னது நான். மாப்பிள்ளை மேலே நின்று கழியால் கிளறினார். அடிமண் அசையவில்லை. "எறங்கித்தான் வெட்டணும் மச்சான்."
"எறங்குங்க"ன்னேன்.
மண்வெட்டி போட்டதும் குப்புன்னு ஒரு வாடை. அப்புறம் வாடையே இல்ல. அப்படியே மடங்கி விழுந்தாரு. குதிக்கப் போனேன். வேலையாள் சவரிராஜ் என் இடுப்பைக் கட்டிக்கிட்டான் — "நீங்களும் போயிடுவீங்க, வுட மாட்டேன்." தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் மேலயே நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன்.

மே 12
தீயணைப்பு அதிகாரி சொன்னார்: "உப்பு சூட்டுல நல்லாக் கரையுங்க. கேஸு அப்படியே நேரெதிர். அழுகின சேத்துத் தண்ணியில விஷவாயு கரைஞ்சு கிடந்துச்சு, அது கூடினா மூக்கு மரத்து வாடையே தெரியாது. கலரு சோடா பாட்டிலச் சூடாக்கிக் குலுக்குனா என்னாவும்? அதத்தான் பண்ணியிருக்கீங்க."
எனக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு ஆளை உள்ளே இறக்கியிருக்கிறேன்.

மே 14
பக்கத்து ஷெட் பழமலை வந்தார். "வெளில கேக்கறவங்ககிட்ட மாரடைப்புன்னு சொல்லிடு. ஊரு பேரு கெட்டா எல்லாரு சரக்கும் தேங்கிடும்."
வியாபாரக் கணக்கு சரிதான். நானும் நேற்று வரை அப்படித்தான் யோசித்தேன். ஆனாலும் அவரை அனுப்பிவிட்டு தங்கச்சி அன்புக்கரசியிடம் போனேன். வெந்நீர் என் யோசனை, இறங்கச் சொன்னது என் வாய் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "ம்" என்றாள்.

மே 23
தொட்டியை ஜல்லி கொட்டி மூடியாயிற்று. அன்புக்கரசி ஷெட்டுக்கு வந்தாள். "உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. சுவரில் தொங்கிய மாப்பிள்ளை சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். பஸ் ஏற்றிவிடலாம் என்று நானும் கூடவே நடந்தேன்.
"வேணாங்க முதலாளி" என்றாள். "நானே போயிக்கிறேன்."