இரண்டாம் ரீலின் கடைசி நான்கு நிமிஷம்

1973 நவம்பர் 18, ஞாயிறு

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள்கள், நாற்பத்திரண்டு. பானிப்பட்டில் போர் நடந்ததையே ஐந்து பேர் மறுத்திருக்கிறார்கள்.

மாலையில் திரைப்படச் சங்கக் கூட்டம். வரும் மே மாதம் சென்னையில் மூன்று வாரம் சினிமா ரசனை வகுப்பு. எங்கள் சங்கத்துக்கு ஓர் இடம். அடுத்த படத்தைப் பற்றி யார் நன்றாகப் பேசுகிறாரோ அவரை அனுப்புவதாகத் தலைவர் உடையப்பன் அறிவித்தார். நான் செயலாளர். ஆறு வருஷமாக வெளிநாட்டுச் சினிமாப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறவன். போட்டி என்று ஒருவர் இருந்தால் அது ஜவுளிக்கடை மெய்யநாதன். படிப்பு எட்டாவது. படம் முடிந்ததும் ஏதாவது ஒன்று சொல்வார். வீட்டுக்கு நடக்கும்போது நான் யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டிய வாக்கியமாக அது இருக்கும்.

இதற்குப் பெயர் பொறாமை என்கிறாள் அன்னக்கிளி. மனைவிகளுக்குக் கலைச்சொற்களில் துல்லியம் போதாது.

டிசம்பர் 21, வெள்ளி

படப்பெட்டி மதுரை பஸ்ஸில் வந்தது. ஹங்கேரிப் படம், மூன்று ரீல். உடையப்பன் வீட்டு ஹாலில், ஆபரேட்டர் தங்கச்சாமியை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன்.

ஒரே வீட்டில் அண்ணன், தம்பி. இரண்டாம் ரீல் முடிவில் தம்பி அண்ணனை மாட்டுக் கொட்டகையில் கோடாலியால் வெட்டுகிறான். நான்கு நிமிஷம். பின்னணி இசை கிடையாது. அண்ணன் சட்டென்று சாகவில்லை. வெட்டுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுகிறான். எழுந்து வந்து மறுபடி வெட்டுகிறான். மூலையில் மாடு அசைபோடுகிறது.

மறுபடி போடச் சொன்னேன். மொத்தம் மூன்று தடவை.

"என்னங்கய்யா, கசாப்புக்கடையப் போயித் திரும்பத் திரும்பப் பாக்குறீக?" என்றான் தங்கச்சாமி.

நம் படங்களில் ஒரே சண்டையில் இருபது பேர் விழுவார்கள், ஒருவரும் சாவதில்லை. இதில் ஒருவன் சாகிறான். கொலை எவ்வளவு பெரிய வேலை என்று காட்டுகிறார்கள். இதைப் பார்த்தவனுக்குக் கோடாலியைத் தொடக் கை வராது.

டிசம்பர் 22, சனி

உடையப்பன் மனைவி மீனாள் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். "வாத்தியாரே, நேத்து அந்தக் கூப்பாடு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. இன்னும் எட்டு நாள்ல பிள்ளையார் நோன்பு. மாவுத் திரி ஏத்தி இழை எடுக்குற வீட்டுல கொலை விழணுமாக்கும்?"

பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்கலாம். விடுமுறைதான், சாவியும் என்னிடம்தான். "அந்தக் கட்டம் வராது, ஆச்சி" என்று அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். எங்களிடம் ஒரே புரொஜக்டர். ரீல் மாற்றும்போது விளக்குப் போடுவது வழக்கம். நான்கு நிமிஷம் முன்னதாகவே நிறுத்தி, காபி கொடுத்து, மூன்றாம் ரீலைப் போட்டால் யாருக்கும் தெரியாது.

நோன்புக்காகத்தானா?

இல்லை. மெய்யநாதன் அதைப் பார்க்கக் கூடாது. நொண்டுகிற படத்தைப் பற்றி அவர் என்ன பேசிவிடுவார்?

டிசம்பர் 23, ஞாயிறு

படம் முடிந்ததும் நான் இருபது நிமிஷம் பேசினேன். ஹங்கேரியின் நிலச் சீர்திருத்தம் வரை போனேன். உடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்.

மெய்யநாதன் எழுந்தார். காபி ஆறிப்போய் டம்ளர் அப்படியே கையில் இருந்தது. "கோடாலிய எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குள்ள போறான். காப்பி குடுத்தீக. அடுத்தாப்புல கெணத்தடியில கை கழுவுறான். உள்ள நடந்ததக் காட்டல. காட்டியிருந்தா அது அவன் பண்ணுன கொலை. காட்டாம விட்டதுல, காப்பி குடிக்கிற நேரத்துல நாம ஆளுக்கொரு கொலை பண்ணிட்டோம்."

கைதட்டல். ஆச்சியும் தட்டினார்.

"மெய்யநாதா, மெட்ராசுக்குப் பெட்டியக் கட்டு" என்றார் உடையப்பன்.

டிசம்பர் 24, திங்கள்

காபியும் என் ஏற்பாடுதான்.

டிசம்பர் 25, செவ்வாய்

அன்னக்கிளியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒளிச்சு வச்சதும் நீங்க, பொருமுறதும் நீங்களா? போயி அந்த மனுசனுக்குக் காட்டிருங்க."

காட்டத்தான் போகிறேன். அவள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. சொன்னதெல்லாம் தப்பு என்று தெரிகிற நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 26, புதன்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, பிற்பகலில். நான், அவர், தங்கச்சாமி. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். முகம் சுருங்கத்தான் செய்தது. வெளியே ஓடி வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "இன்னொருக்காப் போடச் சொல்லுங்க" என்றார்.

முடிந்ததும் சொன்னார்: "நான் பேசுனது தப்பு, வாத்தியாரே. இது இல்லாம படமே இல்ல. அந்த அண்ணங்காரன் காலப் பாத்தீகளா?"

"வலிப்பு" என்றேன்.

"வலிப்பில்ல. பக்கத்துல அரிக்கேன் எரியுது, சுத்திலும் வைக்கல். விளக்க எட்டித் தள்ளுறான். வெட்டுப்பட்டுக்கிட்டே, கொட்டகை தீப்பிடிச்சிறக் கூடாதுன்னு பாக்குறான். வெட்டுறவனும் நாளைக்கு அங்கதான இருக்கணும்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கும் எங்க அண்ணனுக்கும் வீட்டுப் பங்கு வழக்கு. பதினோரு வருசமாச்சு" என்றார்.

அவர் போன பிறகு தங்கச்சாமியை மறுபடி போடச் சொன்னேன். கால் தள்ளுகிறது. தெளிவாகத் தள்ளுகிறது. அது எப்படி என் கண்ணில் படாமல் போச்சு? மூணு தடவை பாத்தேனே!

1974 ஜனவரி 6, ஞாயிறு

கூட்டத்தில் மெய்யநாதன் தாமாகவே எழுந்தார். "அரைகுறையாப் பாத்துட்டுப் பேசிப்புட்டேன். படத்துல அந்தக் கொலை இருக்கு. வாத்தியாரு என்னையக் கூட்டிப் போயித் தனியாப் போட்டுக் காட்டுனாக. மெட்ராசுக்கு அவுகதான் போகணும்."

அண்ணனின் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உடையப்பன் நெகிழ்ந்துபோனார். "நோன்புக்கும் மரியாதை, படத்துக்கும் மரியாதை. இவருல்ல மனுசன்!" என் பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம். செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகத்தில் அதை என் கையாலேயே எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை.

மே 14, செவ்வாய், சென்னை

ரயில் வேலைநிறுத்தம். பஸ்ஸில் வந்ததில் இடுப்பு இன்னும் என்னுடையதாகவில்லை.

மே 22, புதன்

இன்று அதே படம், முழுதாக. கொலையின்போது நான்கைந்து பேர் எழுந்து போனார்கள். இவ்வளவு கொடூரம் தேவைதானா என்று பேராசிரியர் கேட்டார். கை தூக்கினேன். கால், அரிக்கேன், வைக்கோல். மூன்று வாக்கியங்கள்தான். எத்தனையோ தடவை பார்த்திருந்தும் தாம் இதைக் கவனிக்கவில்லை என்றார் பேராசிரியர். என் பெயரைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினார். இது மெய்யநாதன் கண்டது என்று சொல்ல, கடைசி எழுத்து வரைக்கும் நேரம் இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இத்தனை பேர் எனக்காக இதுவரை கைதட்டியதில்லை.

மே 25, சனி

மெய்யநாதன் கடிதம், ரயில் ஓடாததால் பத்து நாள் தாமதமாக. வைகாசி முகூர்த்தம், கடையில் மூச்சுவிட நேரமில்லையாம். கீழே: "அந்தப் படம் அங்கே போட்டார்களா? அண்ணன்காரனின் காலை யாராவது கவனித்தார்களா? அவசியம் எழுதவும்."

இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.