எலியாவின் வேலைக்காரியும் கூடூர் பாசஞ்சரும்

கும்மிடிப்பூண்டி
13-9-1971

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனைவி விக்டோரியா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். பிலாயில் நீங்கள் சுகமா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஈஸ்டருக்கு வந்த கார்டுதான் கடைசி. அந்த ஊரில் தபால்பெட்டியே கிடையாதா, இல்லை, இருக்கிற பெட்டியெல்லாம் இந்திக்காரர்களுக்கு மட்டும்தானா?

பின்கட்டில் ஓடு உடைந்து ஒழுகுகிறது. ஓடு மாற்றுகிற ஆள் "இதோ வர்றேன்மா" என்று ஆடி மாசத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனையும் உங்களையும் ஒரே தராசில் வைக்கலாம்.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் நம் சபையே இல்லை, கதை கேட்க வருகிறார்கள். ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிற முனுசாமியின் மகள் பூவம்மாள் அதில் ஒருத்தி. ஒன்பது வயசிருக்கும். வாய் ஓயாது. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி ஓடைக்கரையில் ஒளிந்திருந்தார், காக்கைகள் அவருக்கு அப்பமும் கறியும் கொண்டுவந்து கொடுத்தன என்று சொன்னேன். உடனே எழுந்துவிட்டாள். "எங்க ஊட்ல அமாவாசைக்கு நாங்கதான் காக்காவுக்கு சோறு வெப்போம். அப்ப வாங்கித் துன்னத திருப்பிக் குடுத்துச்சா டீச்சர்?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

நேற்று அடுத்த பாகம். எலியா மலைமேல் ஏறி, முழங்காலுக்கு நடுவே தலையை வைத்து மழைக்காக ஜெபம் பண்ணுகிறார். வேலைக்காரனைக் கடல் பக்கம் போய்ப் பார்த்துவரச் சொல்கிறார். ஒன்றுமில்லை என்று வருகிறான். திரும்பப் போ என்கிறார். அப்படியே போய்ப் போய், கடைசியில் உள்ளங்கை அளவு மேகம் தெரிகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பாடம் முடிந்ததும் யாருக்கு என்ன வேண்டும் என்று ஜெபக் குறிப்பு கேட்பேன், உங்களுக்குத் தெரியும். ஒருவன் தன் வீட்டு எருமை நல்லபடியாகக் கன்று போடவேண்டும் என்றான். பூவம்மாள் எழுந்து, "டீச்சர் ஊட்டுக்காரரு வரணும்" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. யாரடி சொன்னது என்றால், "எங்கம்மா சொல்லிச்சி. ரெண்டு வருசமா வரலியாமே?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பேரும் முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துவிட்டார்கள். ஆமென் சொன்ன கையோடு பூவம்மாள் வெளியே ஓடினாள். "எங்கேடி?" என்றேன். "ஸ்டேசனுக்கு டீச்சர். எலியா வேலைக்காரன் போய்ப் பாத்தான் இல்ல?"

திரும்பி வந்து, "ஒண்ணியும் காணோம் டீச்சர்" என்றாள். இனி தினமும் சாயங்காலம் கூடூர் பாசஞ்சர் வருகிற நேரத்துக்குப் போய்ப் பார்ப்பாளாம். உங்கள் முகம் எப்படித் தெரியும் என்றேன். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோவைப் பார்த்திருக்கிறாள்.

கிறிஸ்மஸுக்காவது வருகிறீர்களா? ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்காவது சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி
விக்டோரியா



பிலாய்
28-9-1971

அன்பு விக்டோரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இரும்பாலையில் ஷிப்டு மாறி மாறி வருவதால் எழுத நேரம் அமையவில்லை. ஓட்டுக்காரனோடு என்னைச் சேர்த்தது சரிதான்.

அந்தப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்புவதை நிறுத்து. நீ அனுப்பவில்லை என்பாய். நீ சொன்ன கதைதான் அனுப்பியிருக்கிறது.

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. நம் சாமுவேலுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறினபோது ஆஸ்பத்திரித் தரையில் முட்டிபோட்டு நானும்தான் கேட்டேன். நாலு வயசுப் பிள்ளை. போய்விட்டான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ என்ன சொன்னாய்? "நீங்க சந்தேகத்தோட கேட்டீங்க, அதான் கர்த்தர் கொடுக்கல" என்று சொன்னாய். மூன்று வருஷமாக அந்த வார்த்தை என் கூடவேதான் வேலைக்கு வருகிறது, கூடவே சாப்பிட உட்காருகிறது. இந்தப் பிள்ளைகளும் கேட்டு, நான் வராமல் போனால், யாருடைய சந்தேகம் என்று சொல்வாய்? அந்த எட்டு ஒன்பது வயசுகளின் சந்தேகமா?

லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா என்று சொல்லமுடியாது. ஓட்டை உடனே மாற்று, ஐப்பசி மழை வந்துவிடும்.

அன்புடன்,
ஜெயராஜ்



கும்மிடிப்பூண்டி
26-10-1971

அன்புள்ள அத்தானுக்கு,

ஓடு மாற்றியாகிவிட்டது. நேற்று ராத்திரி பெய்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

சாமுவேல் விஷயம் எழுதியிருந்தீர்கள். பலதடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பாடவரிசையில் சாமுவேல் தீர்க்கதரிசியின் பாடம் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷமாக அந்தப் பாடத்தை நான் தாண்டித்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என்னால் ஆகாது. இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கோபத்தில் எழுதுகிறேன். நேற்று முன்தினம் பூவம்மாள் வகுப்புக்குள் ஓடிவந்தாள். "டீச்சர், டீச்சர்! வியாழக்கிழமை கூடூர் பாசஞ்சர்ல அவரு வந்தாரு! ஜன்னலோரமா குந்திக்கினு இருந்தாரு. என்னையே பாத்தாரு. ஆனா எறங்கல" என்கிறாள். போட்டோவில் இருக்கிற அதே மீசையாம், ஆனால் நரைத்திருக்கிறதாம். போதகர் ஐயா வீட்டம்மா அன்றைக்குப் பார்த்து வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வருகிற மனுஷர் ஒரு வரி எழுதாமலா வருவார்? இவ்வளவு தூரம் வந்தவர் இறங்காமலா போவார்? போய்ப் போய் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சலித்துப்போய், இப்போது தானே ஒரு மேகத்தை உண்டுபண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

இல்லை என்று சொல், பொய் என்று ஒத்துக்கொள் என்றேன். "நான் பாத்தேன் டீச்சர்" என்று அழுத்தமாக நின்றாள். பொய்ச்சாட்சி கூடாது என்கிற கட்டளையை எல்லார் முன்னாலும் சொல்லவைத்து, ஜெபம் முடிகிறவரை மூலையில் நிற்கவைத்தேன். கட்டளையைத் தப்பில்லாமல் சொன்னாள். அழவில்லை. ஜெபம் முடிந்ததும் பாவாடையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவுக்கும் காரணம் நீங்கள். வருகிறேன், வரவில்லை என்று இரண்டில் ஒன்று சொல்லியிருந்தால் ஒரு சின்னப் பெண் பொய் சொல்லவேண்டிய அவசியம் வந்திருக்காது.

இப்படிக்கு,
விக்டோரியா



பிலாய்
8-11-1971

விக்டோரியாவுக்கு,

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.

தீபாவளியை ஒட்டி லீவு கிடைத்தது. சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று புறப்பட்டேன். கூடூரில் இறங்கிப் பாசஞ்சர் பிடித்தேன். ஆரம்பாக்கம் தாண்டியதுமே பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கும்மிடிப்பூண்டியில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு பெண் பிள்ளை கண்ணை மூடி நின்றிருந்தாள், உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் ஜன்னலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. இறங்கினால் அந்தப் பிள்ளை கேட்டது கிடைத்துவிட்டது என்று ஆகிவிடும், இனி ஆயுசுக்கும் அப்படியே நம்பும், ஒரு நாள் கேட்டது கிடைக்காமல் போகும், அப்போது என்னைப்போல நிற்கும் என்று நினைத்தேன். பொன்னேரி வரைக்கும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பொன்னேரியில் இறங்கி ஒரு டீ குடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான். அங்கேயிருந்து மெட்ராஸ் போய், ராத்திரி வண்டியில் திரும்பிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இதை வெளியே சொல்லாதே. பொண்டாட்டி இருக்கிற ஊரில் இறங்கப் பயந்தவன் என்று சபை முழுக்கப் பேசும், உனக்கும் அது மானக்கேடு. அந்தப் பிள்ளையிடம், நீ பார்த்தது வேறு யாரோவாக இருக்கும் என்று இதமாகச் சொல்லி, ஒரு மிட்டாய் வாங்கிக்கொடு. மறந்துவிடும். சின்னப் பிள்ளைதானே.

ஜெயராஜ்



கும்மிடிப்பூண்டி
22-11-1971

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உங்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தபால்காரர் கையைச் சுட்டுவிடும். பிறகு அழுகை வந்தது. பிறகு அந்தப் பெண் மூலையில் நின்றது கண்முன் வந்தது. அதற்கப்புறம் மற்ற எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பூவம்மாள் அன்றைக்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. கேட் வீட்டுக்கு நானே போனேன். அவள் அம்மா லட்சுமியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "எங்க ஊட்டுப் பொண்ணு துடுக்கு பண்ணும், பொய் சொல்லாது. நீங்க படிச்சவங்க. எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். தப்பு என்மேல்தான், ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையம்மா, எந்த இடத்தில் சொன்னேனோ அந்த இடத்தில் சொல்கிறேன் என்றேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

நேற்று பூவம்மாள் வந்தாள். கதவோரம் நின்றாள், உட்காரவில்லை.

நான் சாமுவேல் பாடத்தை எடுத்தேன். ஆலயத்தில் படுத்திருந்த சிறு பிள்ளையைக் கர்த்தர் பெயர்சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். அந்தப் பெயரை நானும் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த செய்தி, தன்னை வளர்க்கிற ஏலி ஆசாரியனுக்குக் கேடான செய்தி. சொல்லப் பயந்துகொண்டு காலையில் ஆலயக் கதவைத் திறக்கப் போய்விட்டான். ஏலிதான் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் சொல் என்றார். கேட்டபிறகு அவர் பிள்ளையை அடிக்கவில்லை, பொய் என்று சொல்லவில்லை. தீர்க்கதரிசி என்றால் பெரிய தாடி வைத்தவர் மட்டுமில்லை, கண்டதைக் கண்டபடி சொல்கிற யாரும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள் என்றேன். ஏலிக்கு இருந்த புத்தி உங்கள் டீச்சருக்கு இல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னேன்.

சொல்லிவிட்டு, பூவம்மாள் சொன்னது நிஜம், என் வீட்டுக்காரர் வந்தார், இறங்காமல் போனார், அவரே எழுதியிருக்கிறார் என்றேன். அவள் நின்ற மூலையில் போய் நான் நின்று, எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போதகர் வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்நேரம் சபை முழுக்கத் தெரிந்திருக்கும். வெளியே சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரவில்லை. என் மானமும் அதோடு போயிற்று, போகட்டும்.

எருமைக்காகக் கேட்டானே, அந்தப் பையன், கேட்டும் ஏன் டீச்சர் கர்த்தர் அவரை வண்டியிலிருந்து இறக்கவில்லை என்றான். அவன் வீட்டு எருமைக்குக் கன்று செத்துப் பிறந்ததாம். அப்போது நம் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். எனக்கும் சாமுவேல் என்று ஒரு மகன் இருந்தான், அவன் பிழைக்கவேண்டும் என்று நானும் கேட்டேன், அவன் அப்பாவும் கேட்டார், இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கேட்டோம், ஆனாலும் போய்விட்டான், அது யாருடைய சந்தேகத்தாலும் இல்லை என்றேன். அவன் அப்பாவின் சந்தேகம் என்று நான் ஒருதரம் சொன்னேன், அது தப்பு என்றும் சொன்னேன். கர்த்தர் ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரியாவிட்டாலும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், சிலநாள் சண்டைகூடப் போடுகிறேன் என்றேன். பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ. உங்களுக்குப் புரியும்.

ஜெபக் குறிப்பு கேட்டேன். பூவம்மாள் கதவோரத்திலிருந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் கண்ணை மூடி, "சாமி, டீச்சர் ஊட்டுக்காரருக்கு எறங்கறதுக்குத் தகிரியம் குடு" என்றாள். பிள்ளைகள் என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு சொன்னேன்.

ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இனி உங்களைப் பார்க்கப் பிளாட்பாரத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். எல்லாப் பயணிகளையும்போல இறங்கி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வரலாம்.

வந்தால் நேராக வீட்டுக்கு வராதீர்கள். முதலில் கேட் வீட்டில் நில்லுங்கள். அன்றைக்கு ஜன்னலில் இருந்தது நான்தான் என்று பூவம்மாளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். லட்சுமியம்மாள் காதிலும் விழட்டும். அப்புறம் வாருங்கள், சோறு இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
விக்டோரியா