பியானோ மூலையில் ஓர் ஆள் குறைந்தது பற்றி

அனுப்புநர்:
திருமதி ஜோலீன் ஹின்ரிக்ஸ்,
க/பெ. கேலன் ஹின்ரிக்ஸ்,
பழைய பால்பண்ணைச் சாலை,
நியூ எம்டன், அயோவா.

பெறுநர்:
திரு. லோவல் டிக்மன் அவர்கள்,
மாவட்டக் கட்சித் தலைவர்,
பிரேரி க்ரீக் மாவட்டம்,
ஹார்ட்வெல், அயோவா.

பொருள்: அதிபர் வேட்பாளர் தேர்வுக் கூட்டத்தில் நியூ எம்டன் வட்டாரத்தில் ஒரு மூலையில் மட்டும் தின்பண்டம் வைத்து ஆள் சேர்த்தது, அதனால் செனட்டர் ரூத் காலவே அணி கலைந்தது, மாவட்ட மாநாட்டில் எனக்கு இரண்டு நிமிடம் பேச அனுமதி கோருவது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர்களுடைய முழங்காலுக்காக எங்கள் ஆலயப் பெண்கள் குழு புதன்தோறும் ஜெபித்து வருகிறது. அது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் ஜெபம் நிற்கவில்லை என்று தெரிந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

1. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஒரு தேர்வுக் கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. எங்கள் லூத்தரன் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஏழைகளுக்காகப் பேசுகிறவர் யாரோ அவருக்குப் பியானோ இருக்கும் மூலை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. நான் போய் அங்கே நிற்பேன், அது அப்படி ஆகிவிட்டது. யார் யாருக்கு என்பதை மறைக்க இங்கே திரைச்சீலை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. அவரவர் மூலையில் நிற்பதை ஊரே பார்க்கும். புருஷன் எங்கே நிற்கிறார் என்பதையும் ஊரே பார்க்கும்.

2. இந்த முறை செனட்டர் காலவே அம்மாவுக்காக நின்றேன். காரணம் என் அண்ணன் மகள் கெல்சி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். இருபத்தாறு வயது முடிந்ததும் அப்பாவின் காப்பீட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் அவள் செய்யும் வேலை முழுநேரம் என்று சேராததால் அங்கேயும் காப்பீடு இல்லை. யாரிடமும் சொல்லாமல் இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டு நாளை ஓட்டியிருக்கிறாள். நன்றி கூறும் நாளன்று வான்கோழியை அடுப்பிலிருந்து எடுக்கிறேன், பின்னால் தட்டு உடையும் சத்தம். திரும்பினால் பிள்ளை தரையில் கிடக்கிறாள். என் கணவர் கேலன்தான் செருப்புகூடப் போடாமல், காலுறையோடு பனியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியில் போட்டார். ஆண்டவர் கிருபையால் பிழைத்தாள். மருந்து எல்லோருக்கும் அரசாங்கமே கொடுக்க வேண்டும் என்று செனட்டர் அம்மா சொல்கிறார். அவரோடு போட்டியிடும் ஆளுநர் ஹாலம் அவர்கள் படிப்படியாகப் பார்க்கலாம் என்கிறார். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டும் எங்கே என்று நான் யோசிக்கவே இல்லை. கேலனின் குளிர் கோட்டில் செனட்டர் அம்மாவின் பெயர் போட்ட பட்டனை நானே குத்திவிட்டேன். அவரும் சும்மா நின்று குத்திக்கொண்டார்.

3. ஆளுநர் ஹாலம் அணியை நடத்தியவர் திருமதி டார்லா ப்ரூன்ஸ். அவருடைய கணவர் காலமாகி இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார். அதில் குறை சொல்வதற்கில்லை.

4. பனி விழுந்தால் கேலன் டிராக்டரில் தகடு பூட்டி வழி ஒதுக்குவது வழக்கம். இந்தக் குளிர்காலத்தில் முதலில் டார்லா வீட்டு வழி, பிறகுதான் எங்கள் வழி. கேட்டால், “அவ வீடு போற வழியில இருக்கு” என்கிறார். போகிற வழியில் இல்லை. கையால் வரைந்த வரைபடம் இணைத்துள்ளேன்.

5. இப்போது புகாருக்கு வருகிறேன். கூட்டத்துக்கு யார் என்ன செய்து கொண்டுவந்தாலும், காபி கொதிக்கும் பொது மேசையில் வைக்க வேண்டும். யாருக்கு நின்றாலும் எல்லோரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். நானும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகள் செய்து அங்கேதான் வைத்தேன். திருமதி டார்லா அப்படிச் செய்யவில்லை. பொரியும் வேர்க்கடலை வெண்ணெயும் சேர்த்துக் கிளறி, மேலே சாக்லேட் ஊற்றி வில்லை போட்ட இனிப்பை ஒரு பெரிய தட்டு நிறைய செய்து, தன் மூலையிலேயே ஒரு நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். எடுக்க வேண்டுமானால் அந்த மூலைக்குப் போயே ஆக வேண்டும். அந்த இனிப்பு கேலனுக்கு உயிர் என்பது ஊரறிந்த விஷயம். அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவளே நான்தான், ஐயா. என் சமையலறையில், என் கரண்டியால்.

6. கூட்டத்தை நடத்தியவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் தம்பி ரெக்ஸ். ஏழு மணிக்குக் கதவைச் சாத்த எழுந்தார். கேலனின் கோட்டு எங்கள் பக்கத்து ஆணியில் பட்டனோடு தொங்குகிறது. ஆளைக் காணோம். பார்த்தால் அங்கே டார்லாவுக்கு நாற்காலி விரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“கேலன், கதவ சாத்தப் போறாங்க, இங்க வாங்க!” என்று கூப்பிட்டேன். வாய் நிறைய இனிப்பு. தலையை மட்டும் ஆட்டினார்.

“கொஞ்சம் மூச்சு விட விடேன் ஜோலீன்! சாப்பிடுற மனுசன்,” என்று டார்லா பதில் சொன்னார். அவரைக் கூப்பிட்டதற்கு இவர் பதில்.

எங்கள் அணியில் நின்ற பெரியவர் மெர்ல் சும்மா இருக்கவில்லை. “என்னம்மா, உன் வீட்டுக்காரர் வெளிநாடு போயிட்டாரா? திரும்பி வர விசா இருக்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

7. முதல் எண்ணிக்கை நடந்தது. வந்திருப்பவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத அணி கலைந்துவிட வேண்டும் என்பது விதி. ரெக்ஸ் எங்களை இரண்டு தடவை எண்ணினார்.

“ஒரு ஆள் கம்மிங்க,” என்றார்.

“அதோ அங்க நிக்கிறாரே, அவர் எங்க ஆளு. தின்னுக்கிட்டே நின்னு மாட்டிக்கிட்டார். சேத்து எண்ணுப்பா,” என்றேன்.

“முடியாதுங்க. தேறின அணியில நிக்கும்போது எண்ணிட்டா, அதுக்கப்புறம் நகரக்கூடாது. இந்தத் தடவ விதி அப்படி.”

“இனிப்பு தின்னப் போனவர பூட்டி வைக்கிறது என்ன விதி? எலிப்பொறியா இது?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அது ஆலயக் கட்டடம் என்பதால் பிறகு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்போது கேலன் அந்த மூலையிலிருந்தே பேசினார். சத்தமாகக்கூட இல்லை. “ரெக்ஸ் மேல பாயாத ஜோலீன். நான் மாட்டிக்கல. நானாத்தான் நின்னேன்.”

பக்கத்தில் டார்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா, வேறு பெண்கள் தங்கள் கணவரைப் பற்றி இப்படியெல்லாம் காதில் விழுந்துதான் தெரிந்துகொள்வார்கள். எனக்கு மட்டும் எண்ணிச் சொன்னார்கள்.

8. பிறகு எங்கள் அணி கலைந்தது. இரண்டு பேர் ஆளுநர் பக்கம் போனார்கள். சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மெர்ல்கூட, “முதுகு வலிக்குதும்மா,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பியானோ மூலையில் நான் மட்டும். “உங்களை எங்கங்க எழுதட்டும்?” என்று ரெக்ஸ் பாவமாகக் கேட்டார். “இங்கேயே எழுது,” என்றேன். எந்த அணியிலும் சேராதவர் என்று எழுதிக்கொண்டார்.

9. அதோடு முடிந்திருந்தால் இந்த மனு வந்திருக்காது. மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் வேண்டும் என்றபோது வழக்கம்போல ஒருவரும் கை தூக்கவில்லை. மார்ச் மாதச் சனிக்கிழமை, நாள் முழுக்க ஹார்ட்வெல் பள்ளி அரங்கில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? டார்லா தன் பெயரைக் கொடுத்தார். கூடவே, “கேலனும் வரட்டுமே, என் கார்லயே போயிடலாம்,” என்றார். கைதட்டிவிட்டார்கள். ஹார்ட்வெல் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியில் ஒரு சூப் கடை வேறு இருக்கிறது.

பொறாமை பாவம் என்று எனக்குத் தெரியும். பத்துக் கட்டளைகளில் அடுத்தவர் பொருளை இச்சிக்கக் கூடாது என்று இருக்கிறது. என் சொந்தப் பொருளைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் ஆண்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். தங்களிடம் சொல்வது கட்சி விஷயம்.

10. கூட்டத்தின் கடைசியில் தீர்மானங்கள் வரும் என்பதும், அதற்குள் பாதிக் கூடம் காலியாகிவிடும் என்பதும் தாங்கள் அறிந்ததே. மருந்து யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்று நான் எழுதிக்கொண்டுபோன தீர்மானத்தை வாசித்தேன். மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். டார்லாவும் தூக்கினார், உண்மையை மறைக்கக் கூடாது. கேலன் கை தூக்கவில்லை. அவர் வண்டியைச் சூடாக்க வெளியே போய்விட்டார். கையைத் தூக்கியிருப்பாரா, மாட்டாரா என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

11. வண்டியில் ஏறினால் எங்கள் இருவருக்கும் நடுவில் மீந்த இனிப்பு, வெள்ளித்தாளில் சுற்றி. டார்லா கொடுத்தனுப்பியது. வீடு வரும் வரை நான் பேசியதெல்லாம் அந்தப் பொட்டலத்தைப் பற்றியே ஆகிவிட்டது. நாற்காலி விரித்தது, பனி ஒதுக்கியது, கார் என்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“அவ தட்டுக்காகப் போனேன்னு நெனக்கிறியா?” என்றார்.

“பின்ன எதுக்கு? அப்படி என்ன சொன்னா அவ? நான் இத்தன வருசமா கத்துறேன், ஏறல. அவ ஒரு வில்லையக் கையில குடுத்து ஒரு வார்த்த சொன்னா ஏறுது!”

“சத்தம் போடாம சொன்னா. அவ்வளவுதான். உன் செனட்டர் அம்மா நல்லவங்கதான், நவம்பர் தேர்தல்ல தோத்துடுவாங்க. அப்புறம் கெல்சிக்கு ஒண்ணுமே கெடைக்காது. ஆளுநர் ஜெயிச்சா பாதியாவது கெடைக்கும். அந்தப் பாதி போதும் எனக்கு.”

அதற்குள் வண்டி வாசலில் நின்றது. அவர் பன்றிக் கொட்டகைக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். பொட்டலத்தை உள்ளே எடுத்துவைக்கும்போதுதான் எனக்குப் பதில் வந்தது. பாதியில்தானே ஐயா அந்தப் பிள்ளை விழுந்தாள்? பாதி மருந்து போட்டுத்தானே விழுந்தாள்? அவர்தானே தூக்கினார்? இவ்வளவு பேசுகிற வாய்க்கு, பேச வேண்டிய நேரத்தில் இந்த ஒன்று வரவில்லை. டார்லாவின் தட்டு வாயை அடைத்துக்கொண்டது. இப்போது வீட்டில் நான் இருக்கும் இடத்தில் அவர் இருப்பதில்லை. நான் ஆரம்பித்தால், “தட்டுக் கதையா?” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

ஆகவே தங்கள் கவனத்துக்குப் பின்வருவனவற்றைக் கொண்டுவருகிறேன்.

அடுத்த கூட்டங்களில் தின்பண்டம் எதுவானாலும் பொது மேசையில்தான் இருக்க வேண்டும் என்று எல்லா வட்டாரங்களுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறு எண்ணிக்கை கேட்கலாம் என்று மெர்ல் சொன்னார். நான் கேட்கவில்லை. நானாத்தான் நின்னேன் என்று சொன்னவரை எத்தனை தடவை எண்ணினாலும் அங்கேதான் நிற்பார். ஆளுநர் அணிக்கு மாற்றுப் பிரதிநிதி இடம் ஒன்று காலியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் நீங்களும் போகலாம் என்று ரெக்ஸ் நல்லெண்ணத்தோடு சொன்னார். பேனாவைக் கையில் எடுத்தேன், ஐயா. எடுத்து வைத்துவிட்டேன். அவர் பக்கத்தில் உட்காருவதற்காக அவர் ஆளுக்குக் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

நான் கேட்பது இதுதான். என் தீர்மானம் மாநாட்டில் ஓட்டுக்கு வரும்போது, பிரதிநிதி அல்லாத எனக்கு அதைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம் தர வேண்டும். கெல்சியைக் கேட்டுவிட்டேன், “சொல்லுங்க அத்தை, பேரைச் சொல்லியே சொல்லுங்க,” என்றாள். அந்த இரண்டு நிமிடத்தில் திருமதி டார்லா ப்ரூன்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். சத்தம் போடாமலும் பேசுவேன். அரங்கில் எழுந்து போக முடியாதபடி நடு வரிசையில் எங்கள் வட்டாரத்தாருக்கு இடம் ஒதுக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பேசி முடித்தவுடன் என்னைக் கீழே இறக்கிவிடாமல், பிரதிநிதிகள் கை தூக்கி எண்ணி முடியும் வரை மேடையிலேயே நிற்க அனுமதிக்க வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கையை மட்டும் பார்க்க வேண்டும்.

தங்கள் பதிலை ஜெபத்தோடு எதிர்பார்க்கும்,

ஜோலீன் ஹின்ரிக்ஸ்
(கையொப்பம்)

இடம்: நியூ எம்டன்
நாள்: பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: தீர்மானத்தின் நகல், வரைபடம்.

குறிப்பு: மாநாட்டுக்கு வரும் வழி பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். திருமதி டார்லாவின் காரில் பின் இருக்கை காலியாக இருக்கிறது. அதில் நான் ஏறிக்கொள்கிறேன் என்று ஞாயிறன்று ஆலயத்தில் அவரிடம் சொல்லியாகிவிட்டது. “தாராளமா வா” என்றார்.