ஏழு புள்ளி, மூன்று புள்ளி

தேற்றாத்தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் சிவதர்ஷன் டாக்குத்தருக்கு, மாமி ஆச்சிப்பிள்ளை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வதனியும் சுகம். கண்டிக் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை நிற்பார்.

என் மகள் வதனியைக் கட்டி இந்த வீட்டுக்கு நீங்கள் வந்து நாலு வருசம். சோறு போட்டு வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேனே தவிர, உங்களோடு நேரே ஒரு சொல் பேசியிருப்பேனா? போனிலும் நாக்கு எழும்பவில்லை. அதுதான் கடிதம். வதனி படம் பிடித்து அனுப்புவாள்.

அப்படிப்பட்ட நான் உங்கள் முன்னால் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு படுத்தேனே! பல்லைப் பிடித்திருக்கும் முரசு வீங்கி இரத்தம் வந்ததால் வேறு வழியில்லை. பல்லைக் கழட்டிவிடச் சொல்லித்தான் வந்தேன். நீங்களோ, கண்டி மேற்படிப்பில் போன வருசம் படித்ததை வைத்து, வெட்டாமல் கழட்டாமல் முரசுக்கு அடியில் பல்லில் இறுகியிருந்த கல்லையெல்லாம் சுரண்டி எடுத்தீர்கள்.

வீக்கம் வற்றியதும் பல்லுக்கிடையில் இடைவெளி தெரிந்தது. எனக்குப் பொல்லாத கோபம். மீன் வாங்கப் போன இடத்தில், "மருமகன் துப்பரவாக்கிறன் எண்டு என்ட பல்லை ஆட்டிப்போட்டார்" என்று சொல்லிவிட்டேன். ஊர் சும்மா இருக்குமா? உங்களிடம் வரவிருந்த பத்துப் பேர் வேறிடம் போய்ப் பல்லைக் கழட்டினார்கள். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

போன கிழமை லீவில் வந்தபோது திரும்ப முரசை அளந்தீர்கள். முதல்முறை ஏழு, ஆறு, ஏழு என்று தாதிக்குச் சொன்னது நினைவிருந்தது. இப்போது மூன்று, மூன்று, இரண்டு என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புள்ளி குறைந்து சோதனையில் பெயிலாகிவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்! வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். அது முரசுக்குள் இருக்கும் பள்ளத்தின் ஆழமாம், குறையக் குறையத்தான் நல்லதாம்.

நேற்று அயலில் உள்ள சீனித்தம்பி வீட்டில் அவித்த சோளன் தந்தார்கள். முன்பல்லால் கடித்தேன், மகன்! ஒரு பல் அசையவில்லை. நான் யாரிடம் உங்களைக் குறை சொன்னேனோ அவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, சோளன் முழுவதையும் முடித்தேன். "என்ட மருமகன்ட கை" என்றும் சொன்னேன். சீனித்தம்பி பல்லைக் கழட்டப் போகாமல் நீங்கள் வரும்வரை இருக்கப்போகிறார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். படிப்பு முடிக்க ஆளுக்கொரு நோயாளியின் படங்களைக் காட்ட வேண்டுமாம். என் வாயைக் காட்டலாமா என்று வதனி மூலம் கேட்டீர்கள். வெற்றிலைக் கறை பிடித்த வாயைச் சுவரளவு பெரிதாக்கி ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் காட்டுவதா என்று மறுத்துவிட்டேன். மாமி வேண்டாம் என்றால் வேண்டாம் என்றீர்களாம். வேறு ஆள் தேட நேரமில்லை, சான்றிதழ் கிடைக்காது என்பதை நேற்றுத்தான் வதனி வாய்விட்டுச் சொன்னாள்.

காட்டுங்கள், மகன். கறையோடு இருந்ததையும் காட்டுங்கள், இப்போதிருப்பதையும் காட்டுங்கள். நோயாளியின் பெயரை மறைப்பது உங்கள் முறையாம். மறைக்க வேண்டாம். தேற்றாத்தீவு ஆச்சிப்பிள்ளை, என் மாமி என்று சொல்லுங்கள். ஊரெல்லாம் உங்கள் பெயரைக் கெடுத்த வாய் அது. அங்கேயாவது உங்களுக்காகப் பேசட்டும்.

நல்லபடி முடித்து வாருங்கள். இந்த முறை சோறு போட்டுவிட்டு, கதவுக்கு முன்னால் நிற்பேன்.

உங்கள் மாமி,
ஆச்சிப்பிள்ளை