ஆலைக்காரியைத் தூக்கிய சித்தப்பாவுக்கு

என் அன்புச் சித்தப்பா,

மன்னியுங்கள். பதில் எழுத முடியாதவருக்குக் கடிதம் எழுதுவது நியாயமில்லைதான். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன கிழமை பெல்ஜியத்திலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். வலோனியாவில் நீங்கள் வாழ்ந்த அந்தச் சின்ன ஊரின் திருவிழாவில், பிரம்பால் கட்டிய பெரிய உருவங்களைத் தூக்கும் குழுவின் தலைவர் அவர். அப்பா போனை என்னிடம் தந்துவிட்டார். என்னிடம் இருப்பது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. அவர் மெதுவாகச் சொன்னார்: தூக்குகிறவர் இறந்தால் அந்த இடம் முதலில் அவருடைய குடும்பத்துக்குத்தான். நாங்கள் வேண்டாம் என்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"கோயில் உபயம் மாதிரித்தான். தம்பியின்ர சாமியை விடக்கூடாது. ஆனா என்ர நாரி நோவோட பாரம் தூக்க ஏலாதே."

நீங்கள் அனுப்பிய படத்தை அப்பா சாமித்தட்டில் வைத்திருப்பது தெரியுமா? இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பிரம்புப் பெண், பாவாடைக்குக் கீழே உங்கள் கால்கள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் கற்பூரம் காட்டுவார்.

"அப்பா, அது சாமி இல்லையாம். அந்தக் காலத்து மாவாலைக்காரன்ர பெண்சாதி. பஞ்சத்தில சனத்துக்குப் பாண் சுட்டுக் குடுத்தவவாம்."

"அப்ப நான் காட்டின கற்பூரம்?"

"ஆலைக்காரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்," என்றார் அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டே. "பாண் குடுத்தவதானே. காட்டினாக் குறைஞ்சு போகமாட்டியள்."

அப்பா படத்தை எடுக்கவில்லை. பிறம்ரன் நகரில் இருக்கும் என் மச்சானைத் தூக்கப் போகச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். வேலையில் லீவு இல்லை என்றான். நாளை ஞாயிறு. "ஏலாதெண்டு சொல்லிவிடு பிள்ளை" என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தலைவர் இன்னொன்றும் சொன்னார். அகதியாக வந்த புதிதில் உங்களை ஊரில் யாருக்கும் தெரியாதாம். பிறகு ஆலைக்காரி ஆடி வரும் விதத்தைப் பார்த்தே உள்ளே நிற்பது நீங்கள்தான் என்று கண்டுபிடித்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். உள்ளே நிற்க எப்படி இருந்தது? உங்களுக்கும் என்னைப் போல் கூச்சம் இருந்ததா?

பெண்களும் தூக்கலாமா என்று கேட்டேன். பாரத்தைத் தாங்கினால் போதும் என்றார்.

அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். வீட்டில் முதன்முதலில் பட்டம் எடுத்த பிள்ளை பிரம்புப் பொம்மை தூக்கப் போகிறதோ என்பார். சொல்லட்டும். நான் அவளை விழவிட மாட்டேன், சித்தப்பா.

விடிந்ததும் அப்பாவிடம் கேட்பேன். அதற்கு முதல் உங்களிடம் கேட்கவேண்டும்: உங்கள் இடத்தை எனக்குத் தருவீர்களா?

கனடா, ஸ்காபரோவிலிருந்து,
உங்கள் பெறாமகள் துஷி